ஊசியும் ஓட்டமும்

நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளி ஓடலாமா, பந்து விளையாடலாமா? விளையாடலாம். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997-இல் இந்நோய் கண்டது. இன்சுலின் போட்டுக்கொண்டே 2003 வரை பன்னாட்டுப் போட்டிகளில் பந்து வீசினார். பிரிட்டனின் படகுப் போட்டி வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கும் அதே ஆண்டில்தான் நோய் தெரிந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அவர் தம் ஐந்தாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றார். ஆனால், மற்றவர்களின் உடல் தானாகவே செய்துகொள்ளும் ஒரு வேலையை இவர்கள் முன்யோசனையால் செய்ய வேண்டியிருக்கிறது.

அது என்ன வேலை? நலமாக உள்ள ஒருவர் ஓடத் தொடங்கியதும் அவருடைய தசைகள் குளுக்கோசை விரைவாகச் செலவழிக்கின்றன. ஆயினும் குருதியில் சர்க்கரை குறைந்துவிடுவதில்லை. கணையம் உடனே இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இன்சுலின் குறைந்ததும், கல்லீரல் தான் சேமித்து வைத்துள்ள கிளைக்கோஜனைக் குளுக்கோசாக மாற்றிக் குருதியில் விடுகிறது. வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன.

ஊசி வழியே தோலுக்கடியில் சென்ற இன்சுலினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. போட்டது போட்டதுதான். அது கல்லீரலின் கதவை அடைத்து வைக்கிறது. அதே வேளையில், உழைக்கும் தசையோ இன்சுலினின் உதவியின்றியே குளுக்கோசை இழுத்துக்கொள்ளும் திறமும் பெற்றுவிடுகிறது. விளைவு தாழ்சர்க்கரை நிலை: கை நடுக்கம், வியர்வை, பசி, குழப்பம், முடிவில் மயக்கம். உடற்பயிற்சி இன்சுலினின் ஆற்றலைக் கூட்டுகிறது என்பதை லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ் 1926-லேயே எடுத்துக்காட்டினார். அவரே இன்சுலினால் உயிர் பிழைத்த நீரிழிவு நோயாளி!

ஊசி போடும் இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. தொடை எளிதில் எட்டுகிற இடம் என்பதால் பலர் அங்கேயே போட்டுக்கொள்கிறார்கள். தொடையில் ஊசி போட்டபின் கால்களுக்குப் பயிற்சி கொடுத்தால், இன்சுலின் வழக்கத்தைவிட விரைவாகக் குருதியில் கலக்கிறது என்று 1978-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கையில் போட்டபோது அப்படி நேரவில்லை. எனவே ஓடப்போகும் நாளில் வயிற்றுப் பகுதியே மேல். ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலடியில் கொழுப்புத் திரண்டு கட்டியாகும். அங்கே போடும் மருந்து எப்போது, எவ்வளவு கலக்கும் என்று சொல்லவே முடியாது.

பயிற்சிக்கு முன் குருதிச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நலம். டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சிறிது குளுக்கோஸ் உட்கொண்டு, அளவு ஏறியபின் தொடங்க வேண்டும். 250-க்கு மேல் இருந்து, கீட்டோன்களும் காணப்பட்டால் அன்று பயிற்சியே கூடாது. அந்நிலையில் உடலில் போதிய இன்சுலின் இல்லை. ஓடினால் சர்க்கரை இன்னும் ஏறும். பயிற்சி நாளில் இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

இன்னொரு புதிர். நூறு மீட்டர் ஓட்டம் போன்ற கடும் பயிற்சிக்குப்பின் சிலருக்குச் சர்க்கரை ஏறியிருக்கும். அட்ரினலின் செய்யும் வேலை அது. அதைக் கண்டு அவசரமாகக் கூடுதல் ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து. சற்று நேரத்தில் அது தானே இறங்கக்கூடும்.

மாலையில் விளையாடியவருக்கு இரவும் கவலைக்குரியதே. காலியான கிளைக்கோஜன் கிடங்கை நிரப்பத் தசைகள் பல மணி நேரம் குளுக்கோசை வாங்கிக்கொண்டே இருக்கும். உறக்கத்தில் சர்க்கரை இறங்கினால் நோயாளிக்கே தெரியாது. படுக்குமுன் ஒருமுறை அளந்து பார்ப்பதும், வீட்டாரிடம் அன்றைய விளையாட்டைச் சொல்லி வைப்பதும் இதற்காகத்தான். விழித்திருப்பவருக்குக் குளுக்கோஸ் கரைத்த நீர் கொடுக்கலாம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.