கம்பெனி மூடி 20 வருஷம் ஆச்சு... 1999 கேமுக்கு இன்னும் புது நகரம் வருது! ‘மாட்’ செய்பவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

2024 புத்தாண்டையொட்டி, ஒரு பழைய கம்ப்யூட்டர் கேமுக்குப் புதிய நகரம் ஒன்று கிடைத்தது. பெயர் ‘ஃபேக்டரி’. இயந்திர மனிதர்கள், துப்பாக்கி வீரர்கள், மண்ணுக்குள் புகுந்து வரும் ராட்சதப் புழு என்று வரிசையாகப் புதுப் படைகள்.

புது அப்டேட்தானே, இதுல என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்த கேம் வெளியான வருஷம் 1999. அதை வெளியிட்ட கம்பெனி 2003லேயே திவாலாகிவிட்டது. ஃபேக்டரியைச் செய்தவர்கள் ரசிகர்கள். இலவசமாகவே வெளியிட்டார்கள்.

இந்த மாதிரி வேலைக்குப் பெயர்தான் ‘மாட்’. மாடு இல்லைங்க, மாட். மாற்றம் என்று அர்த்தம் தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். வேறொருவர் செய்த கேமை எடுத்து, அதில் புது ஹீரோ, புது படை, புது விதி என்று சேர்ப்பது, சில நேரம் இருப்பதை எடுப்பது. ஐடியா எல்லோரிடமும் இருக்கும். எந்த ஐடியா நிற்கும், எது ஒரே வாரத்தில் சலித்துப்போகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எந்த கேம் இது?

‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’. சுருக்கமாக ‘ஹீரோஸ் 3’. அமெரிக்காவின் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் உருவாக்கியது, 3டிஓ வெளியிட்டது. ரஷ்யா, போலந்து போன்ற நாடுகளில் இதற்கு இன்றைக்கும் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு.

செஸ் மாதிரி முறை வைத்து ஆடும் ஆட்டம். நமக்கு ஒரு நகரம் இருக்கும். அதில் கட்டடம் கட்டினால் வாரா வாரம் படை பிறக்கும். அந்தப் படையை ஒரு ஹீரோவிடம் கொடுத்து வரைபடத்தில் அனுப்ப வேண்டும். அவர் தங்கம் எடுப்பார், சுரங்கம் பிடிப்பார், எதிரியோடு மோதுவார். ஒரு ஹீரோ 7 வகைப் படைகளைத்தான் கூட்டிப்போக முடியும், 8 திறமைகளைத்தான் கற்றுக்கொள்ள முடியும். எதை எடுப்பது, எதை விடுவது என்ற அந்த அவஸ்தைதான் இந்த கேமின் ருசி.

கம்பெனியின் ஐடியாவையே விரட்டிய ரசிகர்கள்

மாட் செய்பவர்களின் கதைக்குப் போவதற்கு முன், கம்பெனி சொந்தமாக யோசித்த ஒரு ஐடியாவுக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும்.

1999லேயே ‘ஆர்மகெடன்ஸ் பிளேட்’ என்ற கூடுதல் பாகம் தயாரானது. அதில் ‘ஃபோர்ஜ்’ என்று ஒரு நகரம் வருவதாக இருந்தது. வாளும் மந்திரமும் இருக்கும் உலகத்தில் அறிவியல் ஆயுதங்கள்! பாம்பு உடம்புக்குக் கீழே டாங்கி சக்கரம் வைத்த ஒரு உருவம் கூட அதில் உண்டு. கதைப்படி இதில் தப்பே இல்லை. மைட் அண்ட் மேஜிக் வரிசைக் கதைகளில் விண்கலங்களும் பழைய தொழில்நுட்பமும் முன்னாடியிலிருந்தே இருக்கின்றன. ஆனால் ஹீரோஸ் மட்டும் ஆடியவர்களுக்கு டிராகனும் தேவதையும்தான் தெரியும். எதிர்ப்பு கிளம்பியது. ஃபோர்ஜ் கைவிடப்பட்டது.

அதற்குப் பதிலாக வந்தது ‘கான்ஃப்ளக்ஸ்’ நகரம். இங்கேதான் வேடிக்கை. மற்ற நகரங்களில் உச்சப் படை வாரத்துக்கு ஒன்று பிறக்கும். கான்ஃப்ளக்ஸில் இரண்டு பிறக்கும். விளைவு, இணையத்தில் போட்டி நடத்துபவர்கள் இந்த நகரத்தைத் தடை செய்வதோ கட்டுப்பாடு வைப்பதோ சகஜமாகிவிட்டது. பார்க்க அந்நியமாக இருந்ததை ரசிகர்கள் விரட்டினார்கள். கணக்கு சரியில்லாதது உள்ளே வந்துவிட்டது.

புது ஐடியாவுக்கு இரண்டு சோதனை உண்டு என்பது இதிலிருந்தே தெரியும். ஒன்று, இந்த உலகத்தில் ஒட்டுகிறதா? இன்னொன்று, கணக்கு ஒத்துவருகிறதா? ஃபேக்டரியைப் பாருங்கள். அதுவும் இயந்திர நகரம்தான். ஆனால் லேசர் இல்லை, நீராவிக் காலத்து இரும்பும் வெடிமருந்தும்தான். ஃபோர்ஜ் தோற்ற இடத்தில் கால் நூற்றாண்டு கழித்து அது ஜெயித்ததற்கு அந்த நிதானம் முக்கியமான காரணம்.

‘எல்லாம் வேணும்’ கட்சி

ரசிகர்கள் தரப்பில் இரண்டு கட்சி உண்டு. முதலாவது, 2001ல் வெளிவந்த ‘இன் தி வேக் ஆஃப் காட்ஸ்’. தோன்றிய ஐடியா அத்தனையையும் உள்ளே போட்டார்கள். படைகளுக்கும் அனுபவப் புள்ளி, புதுப் புது மிருகங்கள், பக்கம் பக்கமாக விருப்பத் தேர்வுகள். வேண்டியதை டிக் அடித்துக்கொள்ளலாம். கல்யாண விருந்து இலை மாதிரி. எல்லாம் நல்லாத்தான் இருக்கும், எதை முதலில் தொடுவது என்றுதான் தெரியாது.

அதில் உருப்படியான ஐடியா ‘கமாண்டர்’. ஹீரோஸ் 3ல் ஹீரோ சண்டை போடவே மாட்டார். களத்தின் ஓரமாகக் குதிரையில் நின்று சுற்றுக்கு ஒரு மந்திரம் போடுவார், அவ்வளவுதான். பேரே ஹீரோ, ஆனா கத்தியை எடுக்க மாட்டாரு! இந்தக் குறையைத் தீர்க்க, ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு தளபதியைக் கொடுத்தார்கள். அவர் களத்தில் இறங்கி அடிப்பார், ஹீரோவோடு சேர்ந்து வளர்வார், ஆயுதமும் அணிவார்.

இதே குறையை 2002ல் ‘ஹீரோஸ் 4’ வேறு மாதிரி தீர்த்தது. ஹீரோவையே களத்தில் இறக்கிவிட்டது. ரசிகர்கள் இன்றுவரை அதில் இரண்டு பட்டுக் கிடக்கிறார்கள். ஹீரோ பலசாலியானால் படைக்கு மதிப்பில்லை, பலவீனமானால் முதல் அடியிலேயே விழுவார். கமாண்டர் ஐடியாவில் அந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. தளபதி விழுந்தாலும் ஹீரோ ஓரத்தில் நின்று மந்திரம் போட்டுக்கொண்டுதான் இருப்பார்.

‘போதும்’ கட்சி

இரண்டாவது கட்சி ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’. 2011 முடிவில் முதல் பதிப்பு வந்தது. கடற்கொள்ளையர்களின் ‘கோவ்’ நகரத்தைக் கொண்டுவந்தது. ஃபேக்டரியைச் செய்ததும் இதே குழுதான். இவர்கள் பிடித்த பிடி ஒன்றுதான்: புதிதாகச் சேர்ப்பது எதுவாக இருந்தாலும், பழைய கம்பெனியே செய்தது போல இருக்க வேண்டும். ஓவியம், இசை, எண்கள் எல்லாமே. முதல் நகரத்துக்கும் இரண்டாவது நகரத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 12 வருஷம் ஓடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இவர்களின் பெரிய வேலை நகரங்கள் இல்லை. யார் கண்ணுக்கும் படாத சின்னத் திருத்தங்கள்தான்.

பிணங்களை எழுப்பும் ‘நெக்ரோமான்ஸி’ திறமையை எடுத்துக்கொள்வோம். அசல் கேமில் இதை முழுதாகக் கற்ற ஹீரோ, சண்டையில் செத்த ஒவ்வொரு 100 பேருக்கும் 30 எலும்புக்கூடு வரை இலவசமாக எழுப்புவார். ஒவ்வொரு சண்டையிலும் மற்றவர்களுக்குப் படை குறையும், இவருக்குக் கூடும். பெரிய வரைபடத்தில் ஒரு மாதம் போனால் எதிரே நிற்கவே முடியாது. நகரத்தையே எடுத்துவிடலாமே? எடுக்கவில்லை. அந்த விகிதத்தைக் குறைத்தார்கள். எலும்புக்கூடுகள் இன்னும் எழும். ஆனால் அதை மட்டும் நம்பி ஆட முடியாது.

‘ரெசிஸ்டன்ஸ்’ கதை இன்னும் நல்ல உதாரணம். எதிரி போடும் மந்திரம் நம் படை மேல் பலிக்காமல் போக ஒரு வாய்ப்பு கொடுக்கும் திறமை அது. அதாவது, முழுக்க அதிர்ஷ்டம். இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டு வந்து, கடைசி மந்திரம் சும்மா புஸ்ஸென்று போனால் எப்படி இருக்கும்? அதை எடுத்துவிட்டு ‘இன்டர்ஃபெரன்ஸ்’ என்ற திறமையை வைத்தார்கள். இது எதிரி ஹீரோவின் மந்திர சக்தியையே ஒரு அளவு குறைக்கும், அதுவும் எப்போதும். இரண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரியும், இரண்டு பேரும் திட்டம் போடலாம். தோற்றாலும் பகடையைத் திட்ட முடியாது.

ராஜா எங்கே?

ஹீரோஸ் 3ல் ஹீரோக்கள் நிறைய உண்டு, ஆட்டத்துக்குள் ராஜா கிடையாது. ஆடுபவர் வெறும் ஒரு கொடி நிறம், சிவப்போ நீலமோ. எனவே ‘நாட்டுக்கு ஒரு ஆட்சியாளர் வேண்டும்’ என்பது இயல்பாகத் தோன்றும் ஐடியா.

2023ல் நெதர்லாந்தின் டிரையம்ப் ஸ்டூடியோஸ் கொண்டுவந்த ‘ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் 4’ அதைத்தான் மையமாக வைத்திருக்கிறது. ஆட்சியாளரை நாமே வடிவமைக்கலாம். அவர் ஜெயித்தால் தெய்வ வரிசையில் சேர்வார், பிறகு வேறொரு ஆட்டத்தில் ஹீரோவாகவோ எதிரியாகவோ திரும்பி வருவார். போன மாதம் நாம் வளர்த்த ராணியே இந்த மாதம் நம் மேல் படையெடுத்து வரலாம்!

இதை அப்படியே ஹீரோஸ் 3க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ராஜாவின் வரம் எல்லா ஹீரோக்களுக்கும் போகும். தாக்குதலில் கூடுதல் புள்ளி என்று ஒரு வரம் வைத்தால், 8 ஹீரோ வைத்திருப்பவருக்கு 8 மடங்கு லாபம், 2 ஹீரோவோடு தடுமாறுபவருக்கு 2 மடங்குதான். முன்னால் போகிறவரை இன்னும் தள்ளிவிடும் வரம் அது. ராஜா தலைநகரை விட்டு நகரக்கூடாது, அவர் வரம் அந்த நகரத்தின் காவலுக்கு மட்டும் என்று வைத்தால் கதை மாறும். பின்தங்கியவருக்கும் பிடிமானம் கிடைக்கும்.

மூல நிரல் இல்லாமல் எப்படி முடிந்தது?

மாட் செய்பவர்களிடம் கேமின் மூல நிரல் கிடையாது. முடிந்த மென்பொருளைப் பிரித்து, எந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடித்தேடித்தான் ஒட்டுப்போட்டார்கள். அதைவிடக் கொடுமை, உரிமையாளரிடமே அது முழுசா இல்லை. 3டிஓ விழுந்தபோது மைட் அண்ட் மேஜிக் உரிமையை 13 லட்சம் டாலருக்கு வாங்கியது பிரான்ஸின் யூபிசாஃப்ட். 2015ல் அது ஹீரோஸ் 3ஐப் புதுப்பித்து வெளியிட்டபோது, கூடுதல் பாகங்கள் இரண்டும் அதில் இல்லை. அவற்றின் மூல நிரல் கிடைக்கவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ரசிகர்களின் மாட்கள் இன்றும் அந்தக் கூடுதல் பாகங்கள் உள்ள பழைய பதிப்பின் மேல்தான் ஓடுகின்றன.

உழைப்பு ரசிகருடையது... உரிமை?

சட்டப்படி கேமின் பெயர், உலகம், படங்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். மாட் செய்பவர்கள் விற்பனை செய்வதில்லை. ஆடுபவர் அசல் கேமை வாங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் கண்டும் காணாமல் விடுகின்றன. ஆனால் அது தயவுதானே தவிர, உரிமை இல்லை.

இதன் மறுபக்கம் ‘வார்கிராஃப்ட் 3’. பிளிஸார்ட் 2002ல் வெளியிட்ட அந்த கேமுக்குள், அதன் மேப் எடிட்டரை வைத்து ரசிகர்கள் செய்ததுதான் ‘டோட்டா’. ஒரு படை முழுவதையும் ஆளும் ஆட்டத்தில், ‘ஒரே ஒரு ஹீரோவை மட்டும் ஆடினால் என்ன?’ என்ற ஐடியா. அதிலிருந்து ஒரு புது கேம் வகையே பிறந்தது. போனில் இன்று பலரும் ஆடும் ஐவருக்கு ஐவர் ஹீரோ ஆட்டங்கள் எல்லாம் அந்த வம்சம்தான். ‘டோட்டா 2’ஐ வெளியிட்டது வேறு கம்பெனி, வால்வ். 2021ல் அதன் உலகப் போட்டிக்குப் பரிசுத்தொகை 4 கோடி டாலர்.

பிளிஸார்ட் சும்மா இருக்கவில்லை. 2020ல் வார்கிராஃப்ட் 3ன் புதுப்பதிப்பு வந்தபோது, அதில் ரசிகர்கள் செய்யும் ஆட்டங்கள் கம்பெனிக்கே சொந்தம் என்ற விதியும் கூடவே வந்தது. அடுத்த டோட்டாவுக்கு ஐடியா வைத்திருப்பவர் அதை அங்கே போய்ச் செய்வாரா? யோசிப்பார்.

போனில் முயற்சி செய்யலாமா?

செய்யலாம். ‘விசிஎம்ஐ’ என்ற திறந்த மூலத் திட்டம், ஹீரோஸ் 3ன் இயக்கத்தை முதலிலிருந்து புதிதாக எழுதியிருக்கிறது. 2007ல் தொடங்கியது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். அசல் கேமின் ஃபைல்கள் மட்டும் நம்மிடம் இருக்க வேண்டும். மாட் போடுவதற்கு வசதி செய்துதான் கட்டியிருக்கிறார்கள். எண்களை மாற்ற புரோகிராமிங் தெரிய வேண்டும் என்று இல்லை.

முதல் முயற்சிக்கு ஒரு எண் போதும். படைகளின் பட்டியலில் தேவதைக்கு வாரப் பிறப்பு 1 என்று இருக்கும். அதை 2 ஆக்கிவிட்டு ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். நகரத்தில் கோட்டையை முழுதாகக் கட்டினால் பிறப்பு இரட்டிப்பாகும், அதாவது வாரத்துக்கு 4 தேவதைகள். ஒன்றின் விலை 3,000 தங்கம், கூடவே ஒரு ரத்தினம். தங்கம் 12,000 சமாளித்துவிடலாம். ரத்தினத்துக்குத்தான் வரைபடமெல்லாம் அலைய வேண்டியிருக்கும். எதிரில் ஆடும் கம்ப்யூட்டருக்கும் இதே தேவதைகள் கிடைக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.