ஆயில் என்ஜினைப் பிரித்துக் கட்டும்போது தள்ளுதண்டின் நீளம்

நமது கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மின் இணைப்பு இன்னும் கிட்டாத அங்கத்தினர்கள் டீசல் என்ஜினை நம்பியே நவரைப் பட்டம் செய்து வருகிறார்கள். தறிக்கொட்டகைக்கு ஜெனரேட்டர் வைத்துள்ள நெசவாள அங்கத்தினரும் சிலர் உளர். இவ்விருசாராருக்கும் பொதுவான ஒரு நஷ்டத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

கடன் உபயோகத்தைப் பார்வையிடச் சென்றபோது, ஓர் அங்கத்தினரின் கிணற்றடியில் ஒரே பட்டத்தில் இருமுறை பிரித்துக் கட்டப்பட்ட என்ஜின் ஒன்றைக் கண்டோம். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் சலித்ததே மிச்சம், கம்ப்ரஷன் நிற்கவில்லை. பட்டறைக்காரர் ஹெட்டில் விரிசல் என்று கூறிவிட்டாராம். நாற்று மஞ்சளாகிக் கொண்டிருந்தது; அங்கத்தினரோ என்ஜினை இரும்பு விலைக்கு விற்றுவிட்டு மீண்டும் கடன் கேட்கும் எண்ணத்தில் இருந்தார். அவ்வூரிலேயே இருந்த ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் ராக்கர் மூடியைக் கழற்றியவுடன், கையால் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். டேப்பட் திருகு முழுவதும் மேலே ஏற்றப்பட்டிருந்தும், ராக்கருக்கும் வால்வுத் தண்டிற்கும் இடையே இடைவெளி சிறிதும் இல்லை. வால்வு மூடவேயில்லை என்பதுதான் விஷயம். ஹெட்டில் விரிசல் ஏதும் இல்லை. தள்ளுதண்டுதான் நீளம் மிகுந்திருந்தது.

புஷ்ராடு என்று கடைகளில் கேட்டு வாங்கும் இத்தண்டு செய்யும் வேலை எளியது. கீழே சுழலும் கேம், டேப்பட்டை உயர்த்துகிறது; டேப்பட் தண்டை உயர்த்துகிறது; தண்டு ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ள, மறுமுனை வால்வைக் கீழே அழுத்தித் திறக்கிறது. கேமின் மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிட வேண்டும். வெளியேற்றும் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை ஆசனத்தில் பதிந்திருக்கும் நேரத்திலேதான் இறக்கி வைக்கிறது. பதியாத வால்வு கம்ப்ரஷனை இழப்பதுடன், சூடு ஆறாமல் விளிம்பு கருகியும் போகிறது.

பழைய தண்டு அளவாக இருந்ததே, இப்போது ஏன் மிகுந்தது என்று அங்கத்தினர்கள் வினவலாம். தண்டு வளரவில்லை, அதைச் சுற்றியுள்ளவை மாறிவிட்டன. ஹெட்டை லேத்தில் அரை மில்லிமீட்டர் சீவினால், ராக்கர் முழுவதும் அவ்வளவு கீழே இறங்குகிறது. தண்டு அரை மில்லிமீட்டர் மிகுதியாகிறது. வால்வு ஆசனத்தைத் தேய்த்துத் தேய்த்து வால்வு உள்ளே அமிழ்ந்தால், அதன் வால்முனை மேலே எழும்பி, இடைவெளியை இன்னும் குறைக்கிறது. கேஸ்கெட் முன்னதைவிட மெல்லியதாயின் அதுவும் அத்துடன் சேர்ந்துகொள்ளும். கேமைத் தேய்த்துப் புதுப்பித்தாலோ, தடித்த கேஸ்கெட் வைத்தாலோ விளைவு நேர்மாறானது. தண்டு போதாமற் போகும். அப்போது திருகைக் கீழே மிகுதியாக இறக்க நேர்ந்து, மரை ராக்கரில் போதிய பிடிப்பின்றி நிற்கும். ஓட்டத்தில் தண்டு குதித்து வளைவதும் உண்டு. திருகு, இடைவெளியைச் சரிசெய்வதற்கே ஏற்பட்டது. தவறான நீளத்தை மறைப்பதற்கு அன்று.

ஆகவே, ஹெட், வால்வு, கேஸ்கெட் ஆகிய யாவும் அமைந்து, நட்டுகளை உரிய இறுக்கத்திற்கு முடுக்கிய பின்னரே நீளத்தை அளக்க வேண்டும். பழைய தண்டொன்றை நடுவே வெட்டி, மரையிட்டு, பூட்டு நட்டுடன் நீட்டிக் குறைக்கக்கூடிய அளவுத் தண்டாக லேத்துப் பட்டறையில் செய்து கொள்ளலாம். பிளைவீலைச் சுற்றிப் பிஸ்டனைக் கம்ப்ரஷன் அடியின் உச்சிக்குக் கொண்டு வருக; அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். டீகம்ப்ரஷன் லீவர் இருப்பின் அதை விட்டுவிடுவது அவசியம். அது வால்வை அழுத்திக் கொண்டிருந்தால் அளவு முழுதும் பொய்யாகும். திருகை அதன் மரையின் நடுப்பாகத்தில் நிறுத்தி, என்ஜின் புத்தகத்தில் கண்ட கனமுள்ள பில்லர் கேஜை வால்வு முனையில் வைத்து, கேஜ் இலேசான பிடிப்புடன் நகரும்வரை அளவுத் தண்டை நீட்டிப் பூட்டுக. உள்ளிழுக்கும் வால்வுக்கும் வெளியேற்றும் வால்வுக்கும் தனித்தனியே அளப்பதே நலம்; இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

வெர்னியரால் அளக்கும்போது ஒரு தவறு வழக்கமாக நேர்கிறது. தண்டின் ஒரு முனை குண்டாகவும் மறுமுனை கிண்ணமாகவும் இருக்கும். கிண்ணத்தின் விளிம்புவரை அளப்பது ஒரு நீளம். கிண்ணத்தின் அடிவரை அளப்பது வேறு. புதுத் தண்டின் கிண்ணம் ஆழம் குறைந்ததாயின், விளிம்பளவு ஒத்திருந்தும் திருகு மேலே நிற்கும். ஒரே எஃகுக் குண்டை இரு தண்டுகளின் கிண்ணத்திலும் மாற்றி மாற்றி வைத்து அளந்தால் இவ்வையம் தீரும். கடையில் பழைய தண்டை அருகில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு வாங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு மில்லிமீட்டர் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது, வால்வுக்குத் தெரியும்.

திருவொற்றியூரில் உருவாகி வந்த என்பீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளில் இத்தொல்லைக்கு நல்ல பரிகாரம் இருந்தது. அதன் பழைய என்ஜினில் தண்டின் அடிமுனையே மரையுடன் நீண்டு குறையும். என்ஜின் ஆறியிருக்கையில், தண்டு விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது என்பதே அளவு. பின்னர் வந்த ஹைட்ராலிக் டேப்பட் உள்ள புல்லட் என்ஜினில் இவ்வசதி இல்லை. எண்ணெய் அழுத்தமே இடைவெளியை நிரப்பிக் கொள்கிறது. அதனாலேயே அங்குத் தண்டின் நீளம் இன்னும் கண்டிப்பானது.

நமது டீசல் என்ஜினில் ஹெட்டைச் சீவியிருந்தால், தண்டுடன் பிஸ்டனின் மேலிடைவெளியையும் ஈயக் கம்பி வைத்து நசுக்கிப் பார்ப்பது அவசியம். வால்வு பிஸ்டனில் இடித்தால் தண்டு மட்டும் வளைவதோடு நிற்காது.

மேற்கூறிய அங்கத்தினரின் என்ஜினுக்கு, அளந்து பார்த்ததில், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறைவான நீளமுள்ள தண்டுகள் தேவைப்பட்டன. வால்வுகளைப் புதிதாக ஆசனத்தில் பதித்துத் தண்டுகளை மாற்றிய அன்று மாலையே நீர் பாய்ந்தது. நாற்றில் ஒரு பகுதி அதற்குள் போய்விட்டது. கடன் மனுவை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இனி என்ஜின் பழுதுக்கென விண்ணப்பிக்கும் அங்கத்தினர்கள், பட்டறைச் சீட்டில் ஹெட் எவ்வளவு சீவப்பட்டது, தண்டின் நீளம் என்ன என்னும் இரண்டையும் எழுதி வாங்கி வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.