பட்டியலில் விடுபட்ட எண்

12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படிக் காரணிகளின் எண்ணிக்கையில் தனக்கு முந்திய எல்லா எண்களையும் தோற்கடிக்கும் எண்களை ஆராய்ந்து, 1915-இல் ஒரு நீண்ட பட்டியலே வெளியிட்டார் கணிதமேதை ராமானுஜன். அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி! 2 முதல் 23 வரையுள்ள பகா எண்கள் அத்தனையும் அதை வகுக்கும். மொத்தக் காரணிகள் 10,080. கணிப்பொறி இல்லாத காலத்துக் கணக்கு இது. ஆனாலும் அவர் கண்ணுக்கு ஓர் எண் தப்பிவிட்டது. 2,93,31,86,25,600 என்ற அந்த எண்ணுக்கு 5,040 காரணிகள். வேடிக்கை என்னவென்றால், அதை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது, அவர் பட்டியலை முடித்த அதே கடைசி எண்தான்.