காதுக்கு ஊற்றும் மருந்து

இன்றைய பேச்சைத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை. ஐஸ்பெட்டியின் கதவுத் தட்டிலோ சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியிலோ பாதி தீர்ந்த சின்னஞ்சிறு மருந்துக் குப்பி ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள். காதுக்கு விடும் சொட்டு மருந்துதானே, கெட்டா போய்விடும், இன்னொரு நாள் உதவும் என்று யாரோ ஒருவர் எடுத்து வைத்திருப்பார். அந்தக் குப்பியைப் பற்றித்தான் நாம் பேசப்போகிறோம்.

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நமக்குத் தெரிந்த குடும்பம் இருக்கிறது. வீட்டில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். சளி பிடித்த நாலாம் நாள் இரவு காதைப் பிடித்துக்கொண்டு கதறினான். விடியற்காலையில் வலி தானாக நின்றுவிட்டது, தலையணையில் சீழ் ஒட்டியிருந்தது. இருட்டோடு வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு அன்று கிளினிக்குக்குப் போக முடியவில்லை. "அத்தை, உங்க காதுக்குக் கொடுத்த மருந்து மிச்சம் இருக்கா?" என்று மாமியாரைக் கேட்டார். இருந்தது. காது அரிப்புக்காகப் பட்டணத்து டாக்டர் ஒருவர் பாட்டிக்கு எழுதிக் கொடுத்தது. அதையே பேரனுக்கு மூன்று சொட்டு விட்டார்கள். இரண்டு நாளில் சீழ் குறைந்தது. எல்லாருக்கும் திருப்தி. பத்து நாள் கழித்து மறுபடியும் வடிந்தது, மறுபடியும் அதே குப்பி. அது தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக் குப்பி. இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் கண்டுபிடித்தவர் ஆசிரியை. சொல்வதெழுதுதலில் பையன் பாதிச் சொற்களை விட்டுவிடுகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தாயை அழைத்துச் சொன்னார். கவனம் இல்லாத பிள்ளை என்று வீட்டில் அடியும் வாங்கியிருக்கிறான். அரசாங்க கிளினிக்கில் டாக்டர் விளக்குக் கருவியை வைத்துக் காதுக்குள் பார்த்தார். செவிப்பறையில் துளை இருந்தது. பையனுக்குக் காது குறைவாகத்தான் கேட்டது. அதில் துளையால் வந்தது எவ்வளவு, ஊற்றிய மருந்தால் வந்தது எவ்வளவு என்று இனிப் பிரித்துச் சொல்வது கடினம் என்றார் டாக்டர். தாய் அழுதுவிட்டார். அவரை நாம் குறை சொல்லவில்லை. மருந்து என்றால் மருந்துதானே என்று நினைக்காத வீடு எது?

ஏன் அந்த மருந்து பாட்டிக்கு நன்மையும் பேரனுக்குக் கேள்விக்குறியும் ஆனது? காதின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். வெளியிலிருந்து உள்ளே போகும் காதுக் குழல் பெரியவர்களுக்குச் சுமார் ஓர் அங்குல நீளம். அதன் முடிவில் மேளத்துக்குத் தோல் கட்டியதுபோல் செவிப்பறை. அதற்கு அப்பால் நடுக்காது. அங்கே மூன்று மிகச் சிறிய எலும்புகள் ஒலியின் அதிர்வை உள்ளே கடத்துகின்றன. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. சளி பிடித்தால் பிள்ளைகளுக்குக் காது வலிப்பது இந்த வழியால்தான். இன்னும் உள்ளே, நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் உட்காது. அதில் மயிர்போன்ற நுனியுடைய உயிரணுக்கள் வரிசையாக நின்று ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. மனிதருக்கு இந்த உயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

பாட்டிக்கு வந்தது வெளிக்காதுக் குழலின் தோலில் ஏற்பட்ட நோய். நம் நாட்டுப் புழுக்கத்திலும், ஆற்றிலும் குட்டையிலும் முங்கிக் குளிப்பதாலும், கொண்டை ஊசியால் குடைவதாலும் இது அடிக்கடி வரும். காது மடலை இழுத்தாலோ, துளைக்கு முன்னால் துருத்தி நிற்கும் சிறு குருத்தை அழுத்தினாலோ வலி உயிர் போகும். செவிப்பறை முழுசாக இருந்தால் விட்ட மருந்து அந்தத் தோலோடு நின்றுவிடும். பேரனுக்கு வந்ததோ நடுக்காதில் சீழ் கட்டிப் பறையைத் துளைத்துக்கொண்டு வெளிவந்த நோய். துளை இருந்தால் சொட்டு மருந்து நடுக்காதுக்குள் இறங்கும், அங்கிருந்து உட்காதின் மெல்லிய சவ்வைத் தொடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் காது நோய். கருவி வைத்துப் பார்க்காமல் வித்தியாசம் தெரியாது.

இப்போது குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். ஒன்று கிருமியைக் கொல்லும் ஆண்டிபயாட்டிக். மற்றது டெக்ஸாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கிருமியைக் கொல்லாது. வீக்கத்தையும் அரிப்பையும் தணிக்கும். வீங்கி அடைத்துப்போன குழல் திறந்தால்தான் மற்ற மருந்து உள்ளே போகும் என்பதால் இந்தக் கூட்டு பயனுள்ளது. ஆனால் வலி சீக்கிரம் தணிவதால் நோய் போய்விட்டது என்ற மயக்கத்தையும் தந்துவிடும். ஒரு வாரம் விட வேண்டியதை இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறோம், மிச்சக் குப்பி அலமாரிக்குப் போகிறது.

ஆண்டிபயாட்டிக்கின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்டிரெப்டோமைசின் என்ற மருந்தைக் கண்டெடுத்தார். காச நோயை எதிர்க்க உலகுக்குக் கிடைத்த முதல் நல்ல ஆயுதம் அது. நம் நாட்டிலும் 1961-இல் தேசிய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு எத்தனையோ பேர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு பிழைத்தார்கள். ஊசி போட்ட சிலருக்குத் தலை சுற்றியது, காதில் ரீங்காரம் கேட்டது, சிலருக்குச் செவி மந்தமாயிற்று. அந்தக் காலத்துத் தோட்டப் பெரியவர்களைக் கேட்டால் அப்படி ஒருவரையாவது தெரியும் என்பார்கள். உயிரைக் காத்த மருந்தே உட்காதின் அந்த மயிர் உயிரணுக்களைக் கொன்றது. 1949-இல் வந்த நியோமைசின், பின்னால் வந்த ஜென்டாமைசின், ஃப்ராமைசெட்டின் எல்லாம் அதே குடும்பத்துப் பிள்ளைகள். காதுச் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பவை இவைதான்.

அதற்காக இந்த மருந்துகளே வேண்டாம் என்பதில்லை. பறை முழுசாக இருந்தால் வெளிக்காதுக்கு இவை நன்றாக வேலை செய்கின்றன. துளை இருக்கும் காதுக்கும் சில நிபுணர்கள், சீழ் வடியும் நாட்களில் மட்டும், கண்காணித்துக்கொண்டே குறுகிய காலத்துக்குக் கொடுப்பதுண்டு. துளை இருப்பது தெரிந்தால் உட்காதுக்குக் கெடுதல் செய்யாத சிப்ரோஃப்ளாக்ஸசின், ஒஃப்ளாக்ஸசின் போன்றவற்றையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். எந்தக் காதுக்கு எது என்று முடிவு செய்ய வேண்டியவர் காதுக்குள் பார்த்தவர்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில குடும்பங்களில் தாய்வழியாக இறங்கும் ஒரு மரபணுக் குறை உண்டு. அது உள்ளவர்களுக்கு இந்தக் குடும்பத்து மருந்து சிறிதளவே போனாலும் செவி கெடலாம். காதுச் சொட்டு மருந்தையும் சேர்த்தே 2021-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் டாக்டர்களை எச்சரித்தது. ஆகவே அம்மா, அம்மாவைப் பெற்ற பாட்டி, தாய்மாமன் என்று தாய்வழியில் யாருக்காவது ஊசி போட்டபின் காது கேளாமல் போயிருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி ஆண்டிபயாட்டிக் மருந்தை டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. குப்பியின் மேல் 'உபாட் தெர்காவால்', அதாவது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்று போட்டிருக்கும். மலாய் எழுத்துப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் இன்னும் சில சொற்களைக் காட்டிக் கொடுக்கலாம். 'தெலிங்கா' என்றால் காது, 'மாத்தா' என்றால் கண். 'கானான்' வலது, 'கிரி' இடது. 'தித்திக்' சொட்டு. 'தாரிக் லுபுட்' காலாவதியாகும் தேதி. கண் மருந்துக் குப்பியும் காது மருந்துக் குப்பியும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். கண்ணுக்கான சில மருந்துகளைக் காதுக்கும் விடச் சொல்லி டாக்டர் எழுதுவதுண்டு. காது மருந்தைக் கண்ணில் மட்டும் ஒருபோதும் விடக்கூடாது.

இனி மருந்து விடும் முறை. முதலில் கையைக் கழுவ வேண்டும். குப்பியை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த மருந்து காதில் விழுந்தால் வீடே சுழலும், சிலர் வாந்தி எடுப்பார்கள். அடுப்பில் காட்டிச் சூடாக்குவது கூடாது. 'குலுக்கவும்' என்று சொல்லியிருந்தால் குலுக்கிக்கொள்ளுங்கள். சீழ் இருந்தால் அதை எடுக்காமல் மருந்தை ஊற்றுவது சேற்றின் மேல் சுண்ணாம்பு அடிப்பதுபோல். சுத்தமான பருத்தித் துணியையோ நல்ல மெல்லிழைத் தாளையோ திரியாக முறுக்கிக் காதுக்குள் மெல்ல வையுங்கள். நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டு வேறு திரி வையுங்கள். திரி காய்ந்து வரும்வரை இப்படிச் செய்யலாம். குச்சியில் பஞ்சு சுற்றிக் குடைவது இதற்கு ஈடாகாது, அது அழுக்கை உள்ளே தள்ளும்.

பிறகு நோயுள்ள காது மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். காதுக் குழல் வளைவானது. அதை நேராக்கப் பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். குப்பியின் நுனி காதையோ விரலையோ தொடாமல் சொன்ன சொட்டு மட்டும் விடுங்கள். தொட்டால் கிருமி குப்பிக்குள் போய்விடும். ஒருவர் குப்பியை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். காதுக்கு முன்னால் உள்ள குருத்தை நாலைந்து முறை மெல்ல அழுத்திவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் படுக்க மாட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு கதை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து விட்டதும் தொண்டையில் கசப்பு தட்டுகிறது என்று யாராவது சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். தலை சுற்றல், காதில் புதிதாக இரைச்சல், கேட்பது குறைதல் இவையும் அப்படியே. காதைச் சுற்றிச் சிவந்து தடித்து அரிப்பு கூடினால் மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். நியோமைசினுக்கு இப்படி ஒவ்வாமை வருவது சாதாரணம்.

எத்தனை நாள் விட வேண்டும்? டாக்டர் சொன்ன நாள் வரை. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள். வலி நின்றது என்று முன்னதாக நிறுத்தவும் வேண்டாம், இதமாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். இழுத்தால் காளான் பிடிக்கும். ஆண்டிபயாட்டிக் காதில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுகிறது, ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைத் தளர்த்துகிறது, நம் நாட்டு ஈரமும் வெப்பமும் சேர்ந்துகொள்கின்றன. தாங்க முடியாத அரிப்பும், நனைந்த செய்தித்தாள்போல் கறுப்புப் புள்ளியோடு அழுக்கும் வந்தால் அது பெரும்பாலும் காளான்தான். அதற்கு அதே சொட்டை இன்னும் அதிகமாக விடுவது நெருப்புக்கு எண்ணெய்.

எண்ணெய் என்றதும் பாட்டி வைத்தியம் நினைவுக்கு வருகிறது. பூண்டு காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், கோடாலித் தைலம், கோழி இறகு எல்லாம் தோட்டத்தில் பார்த்தவைதான். அன்போடு செய்தவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வடியும் காதுக்குள் இவற்றில் எதுவும் போகக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். ஆற்றுக் குளியலும் நீச்சலும் காது காயும்வரை வேண்டாம்.

முன்போல் தோட்டத்துக்குத் தோட்டம் டிரெஸர் இப்போது இருப்பதில்லை. அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் என்று பட்டணத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் சம்பளம் போகும் என்ற தயக்கம் நமக்குப் புரிகிறது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். கஷ்டமெல்லாம் பஸ்ஸும் விடுப்பும்தான். ஆனாலும் சிலவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. காதின் பின்புறம் வீங்கிக் காது முன்னே தள்ளி நிற்பது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, முகம் ஒரு பக்கம் கோணுவது ஆகியவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இனிப்பு நீர் உள்ள பெரியவர்களுக்கு இரவில் தூங்கவிடாத காது வலி வந்தால் அது எலும்பைத் தொடும் கடுமையான நோயாக இருக்கலாம், அதுவும் உடனே. இரண்டு வாரத்துக்கு மேல் வடியும் காதை, வலி இல்லாவிட்டாலும், காட்டியே ஆக வேண்டும்.

அந்தப் பையன் இப்போது மலாக்கா பட்டணத்து ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை டாக்டரின் பார்வையில் இருக்கிறான். காது காய்ந்திருக்கிறது. பெரியவனானதும் பறைக்கு ஒட்டுப் போடலாமா என்று பார்ப்பார்கள். வகுப்பில் ஆசிரியை அவனை முன் வரிசையில், நல்ல காது தம் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருக்கிறார். வீட்டிலோ ஒரு புதுப் பழக்கம். எந்தச் சொட்டு மருந்தைத் திறந்தாலும் தாய் அன்றைய தேதியையும் பெயரையும் குப்பியில் எழுதி ஒட்டுகிறார். நான்கு வாரம் கழிந்த குப்பி அலமாரியில் இருப்பதில்லை. குப்பைத் தொட்டியிலும் கால்வாயிலும் போடாமல், அடுத்த முறை போகும்போது பாட்டி அதை எடுத்துப்போய் ஆஸ்பத்திரி மருந்து கொடுக்கும் இடத்தில் திருப்பித் தந்துவிடுகிறார்.