எச் போட்டால் போதுமா?

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. வண்டிகளின் எண் பலகையில் டிஎன் 41 போய் கேஎல் 70 வருகிறது. பேச்சில் மலையாளம் கூடுகிறது. மாறாத விஷயம் ஒன்று உண்டு: ஓட்டுநர் உரிமம் வேண்டுமென்றால் தரையில் 'எழுதிக்' காட்ட வேண்டும். பைக் என்றால் எட்டு. கேரளத்தில் கார் என்றால் எச்.

கம்பிகள் நட்ட பாதையில் முன்னும் பின்னுமாக காரை ஓட்ட வேண்டும். கம்பியில் இடித்தால் தோல்வி. பயிற்சிப் பள்ளிகள் இதற்குச் சுலபமான வழி வைத்திருக்கின்றன. "இந்தக் கம்பி கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பு." அதே மைதானம், அதே வண்டி, அதே கம்பி. மாணவர் தேறிவிடுகிறார். ஆனால் ஓட்டக் கற்றுவிட்டாரா?

உடல்திறன் கற்றலை ஆராயும் உளவியலாளர்கள் வெகுகாலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. பயிற்சியின்போது ஒருவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பது வேறு, எவ்வளவு கற்றிருக்கிறார் என்பது வேறு என்பது அவர்கள் முடிவு. 1979இல் ஷே, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று வகைக் கையசைவுகளைச் சிலருக்குக் கற்பித்தார்கள். ஒரு குழு ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாக, திரும்பத் திரும்பப் பழகியது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து பழகியது. பயிற்சியில் முந்தியது முதல் குழுதான். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். கலந்து பழகியவர்களுக்கே திறமை தங்கியிருந்தது.

ஆகவே கற்றலை அளக்க இரண்டு சோதனைகள் தேவை. இடைவெளி விட்டுப் பார்த்தாலும் திறமை நிற்கிறதா? பழகாத சூழலிலும் கைகொடுக்கிறதா? எச் இவற்றில் இரண்டாவதைத் தொடுவதே இல்லை.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி நீண்ட பட்டியலே தருகிறது: செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் சரியாமல் மறுபடி கிளப்புவது, பாதுகாப்பாக முந்துவது, அவசரத்தில் நிறுத்துவது, குறுகிய இடத்தில் பின்னோக்கி நுழைவது... பட்டியலில் கடைசியாகச் சொன்னதைத்தான் எச் பிரதானமாகச் சோதிக்கிறது.

இதை மாற்ற கேரளம் முயன்றது. 2024 பிப்ரவரியில் போக்குவரத்து ஆணையர் வெளியிட்ட சுற்றறிக்கை, எச்சுக்குப் பதிலாகப் பக்கவாட்டில் நிறுத்துவது, சாய்வாக நிறுத்துவது, வளைந்து வளைந்து ஓட்டுவது, ஏற்றத்தில் கிளப்புவது ஆகியவற்றைக் கொண்டுவந்தது. ஓர் அதிகாரி நாளொன்றுக்கு 30 தேர்வுதான் நடத்தலாம் என்றும் வரம்பு வந்தது. பயிற்சிப் பள்ளிகள் கொதித்தெழுந்தன. மே மாதம் வேலைநிறுத்தம். அமைச்சருடன் பேச்சு நடந்து, சில விதிகள் தளர்ந்த பிறகே அது ஓய்ந்தது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் சுற்றறிக்கையையே ரத்து செய்தது.

பள்ளிகளின் கவலையிலும் நியாயம் உண்டு. புதிய மைதானத்துக்கு இடமும் பணமும் வேண்டும். ஆனால் புதிய மைதானமும் மைதானம்தான். புதிய கம்பிகளுக்கும் புதிய அடையாளங்களை மனப்பாடம் செய்துவிடலாம். பிரிட்டன் 2002இல் வேறொன்றைச் சேர்த்தது. சாலைக் காட்சிகளைத் திரையில் காட்டி, ஆபத்து உருவாவதை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறார் என்று அளக்கிறார்கள். கையும் காலும் மட்டுமல்ல, கண்ணும் தேர்வு எழுதுகிறது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. எல்லாப் பழியையும் தேர்வு மைதானத்தின் மீது போட முடியாது. இருந்தாலும், மாங்காய் லாரிகளும் ஆடுமாடுகளும் பள்ளிக் குழந்தைகளும் குறுக்கிடும் சாலையில் விண்ணப்பதாரரைச் சற்று நேரம் ஓட்ட விட்டுப் பார்ப்பதற்குப் புதிய மைதானம் தேவையில்லை. தேவை, அதிகாரியின் நேரம்தான். அந்த நேரத்தை ஒதுக்காதவரை, உரிமம் கிடைப்பது கம்பியை இடிக்காதவருக்குத்தான்.