காரின் முன்கண்ணாடியில் உட்புறம் படியும் மங்கல்

காரின் முன்கண்ணாடியில் உட்புற மங்கல் என்பது, மழையோ பனியோ இல்லாத நாளிலும் கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்து பார்வையைக் கலங்கச் செய்யும் படிவு ஆகும். பகலில் இது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. மாலை வெயில் நேர் எதிரே விழும்போதும், இரவில் எதிர்வண்டியின் விளக்கு அடிக்கும்போதும் கண்ணாடி முழுவதும் பால் பூசியதுபோல் வெளுத்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விட்டதுபோல் தோன்றும்; காய்ந்ததும் கோடு கோடாகத் திரும்பி வரும்.

படிவின் மூலம்

காரில் புகை பிடிப்பவரின் கண்ணாடியில் பழுப்பு நிறப் படிவு ஏறுவதில் வியப்பில்லை. ஆனால் புகையே பிடிக்காதவரின் புதுக் காரிலும் மங்கல் வருகிறது. சொல்லப்போனால் புதுக் காரில்தான் விரைவாக வருகிறது. காரணம் டாஷ்போர்டு, இருக்கை உறை, கதவின் உட்பலகை போன்றவற்றில் உள்ள பிளாஸ்டிக். பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு இயல்பில் விறைப்பான பொருள். அதைத் தோல்போல் மெத்தென்று ஆக்க நெகிழியாக்கிகள் என்னும் எண்ணெய் போன்ற சேர்மங்களைக் கலக்கிறார்கள். மென்மையான பி.வி.சி.யின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இவை இருக்கலாம். இவை பிளாஸ்டிக்குடன் வேதிப்பிணைப்பு கொள்ளாமல் கலந்து மட்டும் இருப்பதால், சூடேறும்போது சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறும்.

சித்திரை வெயிலில் கதவுகளை மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டு மேற்பரப்பு 70 பாகை செல்சியசைத் தாண்டுவது உண்டு. அதிலிருந்து எழும் ஆவி, வெளிக்காற்று படுவதால் சற்றுக் குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் போய்ப் படிகிறது. கொதிக்கும் பாத்திரத்தின் மூடியில் நீர் கோப்பது போன்ற நிகழ்வுதான் இது. நீர் பிறகு உலர்ந்துவிடும். இந்த எண்ணெய் உலராது.

கார் உற்பத்தியாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். உட்புறப் பொருள்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 6452, டி.ஐ.என். 75201 என்னும் தரமுறைகள் உள்ளன. ஒரு துண்டுப் பொருளைக் குவளையில் இட்டு 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, மேலே குளிரவைத்த கண்ணாடித் தகட்டில் எவ்வளவு படிகிறது என்று அளப்பதே அச்சோதனை. எளிதில் ஆவியாகாத டிரைமெல்லிட்டேட்டு வகை நெகிழியாக்கிகள் டாஷ்போர்டுகளில் இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பங்கும் உண்டு. டாஷ்போர்டைப் பளபளப்பாக்கும் சிலிக்கோன் பாலிஷ், நறுமணக் குப்பி, கைவிரல் எண்ணெய் எல்லாம் மங்கலைக் கூட்டும். டாஷ்போர்டில் சிறு விக்கிரகம் வைத்து ஊதுவத்தி ஏற்றுவோர் பலர். அந்தப் புகையின் பிசினும் கண்ணாடிக்கே போகிறது. சிலர் நல்ல மணத்துக்காகக் கற்பூரத்தைக் காரில் வைப்பார்கள். கற்பூரம் பதங்கமாகும் பொருள் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆவியான கற்பூரம் குளிர்ந்த பரப்பைக் கண்டால் மீண்டும் திண்மமாகப் படியும். காரில் அந்தக் குளிர்ந்த பரப்பு கண்ணாடிதான்.

ஏன் ஆபத்து

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 100ஆம் விதி, முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை ஊடுருவ விட வேண்டும் என்கிறது. மங்கல் படிந்த கண்ணாடியும் இந்த அளவை எளிதில் எட்டிவிடக்கூடும். ஏனெனில் மங்கல் ஒளியைத் தடுப்பதைவிட அதிகமாகச் சிதறடிக்கிறது. படலத்திலுள்ள நுண்துளிகள் ஒவ்வொன்றும் நேராக வரும் ஒளியைச் சற்றே திசைமாற்றிவிடுகின்றன.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். இருண்ட சாலையில் கறுப்பு உடை அணிந்து நடப்பவரின் ஒளிர்வு 1 அலகு, அவருக்குப் பின்னுள்ள சாலையின் ஒளிர்வு 2 அலகு என்று கொள்வோம். ஒன்று மற்றதைப் போல் இருமடங்கு, கண் பிரித்தறிந்துவிடும். எதிரே ஒரு லாரி வருகிறது. அதன் விளக்கொளி மங்கலில் சிதறி, பார்க்கும் பரப்பு முழுவதிலும் 8 அலகு வெளிச்சத்தைச் சேர்க்கிறது. இப்போது நடப்பவர் 9, சாலை 10. ஆள் இருக்கிறார், அவரிடமிருந்து வரும் ஒளியும் ஏறத்தாழ முழுமையாக வந்து சேர்கிறது, ஆனாலும் தெரியவில்லை.

அறுபதைக் கடந்தவர்கள் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் கண்புரை என்றே முடிவுகட்டுகிறார்கள். அப்படியும் இருக்கலாம். முதலில் மூக்குக்கண்ணாடியை நன்றாகத் துடைத்துக்கொண்டு, காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தொலைவிலுள்ள தெருவிளக்கு ஒன்றை முன்கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். பிறகு பக்கக் கண்ணாடியை இறக்கி அதே விளக்கைத் திறந்த சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். ஒளிவட்டம் மறைந்தால் குறை காரின் கண்ணாடியில். மறையாவிட்டால் கண் மருத்துவரிடம் போவதே முறை.

நீக்கும் முறை

வெறும் நீரில் எண்ணெய் கரையாது. ஈரத்துணி அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. படலத்தைக் கரைப்பது, கரைந்ததை அது மீண்டும் படியுமுன் துணியில் ஏற்றி வெளியே கொண்டுபோவது என இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இரண்டாவதில். ஒரே துணியால் கண்ணாடி முழுவதையும் துடைத்தால், கடைசியில் துடைக்கும் இடத்துக்கு முதலில் எடுத்த அழுக்கே போய்ச் சேர்கிறது.

காரை நிழலில் நிறுத்திக் கண்ணாடி குளிரும்வரை காத்திருக்க வேண்டும். சூடான கண்ணாடியில் திரவம் துடைக்குமுன் காய்ந்து கோடாகிவிடும். முதலில் உலர்ந்த துணியால் தூசியை எடுத்துவிடலாம். பிறகு ஒரு லிட்டர் நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் மட்டும் கலந்து, அதில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றும். துளிகள் கூடினால் சோப்பே புதிய படலமாகிவிடும். அடுத்து வெறும் நீரில் பிழிந்த வேறு துணியால் சோப்பை எடுக்க வேண்டும்.

இதற்கும் மசியாத படிவுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உதவும். கைப்பேசி பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் அதே திரவம்தான். அதையும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவில் கலந்துகொள்ளலாம். குழாய்நீர் கடினநீராக இருந்தால் உப்புத் தடம் விடும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் கதவுகளைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம். கைக்குத் தடவும் சானிடைசர் ஜெல்லை இதற்கு மாற்றாக எண்ணக் கூடாது. அதில் சேர்க்கும் கிளிசரினும் கெட்டியாக்கும் பொருளும் கண்ணாடியில் தங்கிவிடும். வினிகர் உப்புக்கறைக்கு நல்லது. எண்ணெய்ப் படலத்துக்கு அதனால் பெரிய பயனில்லை. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் கண்ணாடியில் ஒட்டிய பிலிமைக் கெடுக்கும், மூடிய காரில் மூச்சையும் முட்டும்.

திரவத்தைக் கண்ணாடியில் நேரடியாகப் பீய்ச்சாமல் துணியில் தெளிப்பதே நல்லது. வழிந்தால் டாஷ்போர்டின் இடுக்குகளில் இறங்கும். பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னே கேமராவோ மழை உணரியோ உள்ள கார்களில் அந்த இடத்தை ஈரமில்லாமல் விட்டுவிட வேண்டும்.

துணி மைக்ரோபைபராக இருத்தல் நலம். பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த அதன் நுண்ணிழைகளின் இடுக்குகளில் எண்ணெய் மாட்டிக்கொள்ளும். அத்துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்த்தால், அதுவே கண்ணாடியில் பூசப்படும். துணியை நான்காக மடித்து, ஒவ்வொரு பகுதிக்கும் புது மடிப்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இறுதியில் உலர்ந்த துணி ஒன்றால் மெருகூட்டலாம். உள்ளே கிடைமட்டமாகவும் வெளியே மேலிருந்து கீழாகவும் துடைத்தால், எஞ்சிய கோடு எந்தப் பக்கத்தது என்பது அது ஓடும் திசையிலேயே தெரிந்துவிடும். ஓட்டுநர் இருக்கையில் ஸ்டியரிங் இடிக்கும் என்பதால் பக்கத்து இருக்கையிலிருந்து செய்வது எளிது. கண்ணாடி டாஷ்போர்டைத் தொடும் குறுகிய மூலையில் உள்ளங்கை நுழையாது. துணியைப் புறங்கையால் அழுத்திக்கொண்டு போனால் எட்டும்.

துடைத்தும் போகாவிட்டால்

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அன்று. இரண்டு தகடுகளுக்கு இடையே பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது. பிரெஞ்சுக்காரரான எடுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை பெற்ற அடுக்குக் கண்ணாடியின் வழிவந்தது இது. விளிம்பிலிருந்து வெண்மை பரவி, இருபுறமும் துடைத்தும் மாறாவிட்டால் இந்த ஒட்டு பிரியத் தொடங்கியிருக்கலாம். அதற்குக் கண்ணாடியை மாற்றுவதே வழி. வெளிப்புறத்தில் மணல் தெறித்து உண்டான நுண்குழிகளும் விளக்கொளியில் மின்னும். அவையும் துடைப்பதால் போகா.

துடைத்த ஓரிரு நாளிலேயே பிசுபிசுப்பு திரும்பி, காருக்குள் இனிப்பு வாடையும் வந்தால் ஹீட்டர் கோரிலிருந்து கூலன்ட் கசிகிறது என்று ஐயப்பட வேண்டும். முன்னிருக்கைக் கால்விரிப்பின் அடியில் ஈரமிருந்தால் ஐயம் உறுதிப்படும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சுப்பொருள். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் நக்கிவிடக்கூடும். கசிவை அடைக்காமல் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் மங்கல் வந்துகொண்டேதான் இருக்கும்.