அந்தப் பதினொரு குதிரைகள் இன்னும் இருக்கின்றனவா?

யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-ல் நின்றது. அதைப் பற்றிய பேச்சு மட்டும் தமிழ்நாட்டு மெக்கானிக் கடைகளில் இன்னும் நிற்கவில்லை. “போர் போட்டு, போர்ட்டிங் பண்ணி, சைலன்சரையும் மாத்திட்டா 16 குதிரை வரும் தம்பி” என்கிறார் கடைக்காரர். தம்பியும் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார். வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும் சத்தம் கூடியிருப்பது தெருவுக்கே தெரிகிறது. சக்தி கூடியிருக்கிறதா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தரக்கூடியது எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர், சுருக்கமாக டைனோ, ஒன்றுதான்.

புதிய பைக்குகளுக்கு டைனோ பார்க்கும் ட்யூனிங் கடைகள் பெருநகரங்களில் கிடைக்கின்றன. ஆனால், முப்பது நாற்பது வயதான வண்டியின் குணம் தெரிந்து, அதற்குச் சேதம் வராமல் அளந்து தரும் கடையைத் தேடுவது வேறு வேலை. ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத் 350, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், யெஸ்டி என்று எதை வைத்திருப்பவரும் இந்தத் தேடலில் ஒருநாள் இறங்கத்தான் வேண்டியிருக்கிறது.

தேடலுக்கு முன்னால் எதை அளக்கப்போகிறோம் என்ற தெளிவு வேண்டும். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் இங்கே தயாரித்த ஆர்எக்ஸ் 100-ன் 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தரும் என்று கம்பெனி சொன்னது. முறுக்குவிசை 6,500 சுற்றில் 10.39 நியூட்டன் மீட்டர். இவை கிராங்க் தண்டில் உள்ள கணக்கு. கடையில் இருக்கும் டைனோ அளப்பதோ பின்சக்கரம் தரையில் கொடுக்கும் சக்தியை. நடுவில் கிளட்ச், கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அந்த இழப்பு பொதுவாக 10 முதல் 15 சதவீதம். ஆக, முழு ஆரோக்கியமான ஆர்எக்ஸ் 100 டைனோவில் 9.5 குதிரையைச் சுற்றித்தான் காட்டும். இது தெரியாதவர் தாளைப் பார்த்ததும் எஞ்சின் தேய்ந்துவிட்டதாக நினைத்து, நல்ல பிஸ்டனைக் கழற்றப் போய்விடுவார். ராஜ்தூத் 350-லும் இதே கதைதான். ‘ஹை டார்க்’ மாடலுக்கு 30.5, ‘லோ டார்க்’ மாடலுக்கு 27 என்று கம்பெனி சொன்னது கிராங்கில். பின்சக்கரத்தில் அந்த எண்களை எதிர்பார்க்கக் கூடாது.

சக்தியை அளக்கும் முயற்சி இரண்டு நூற்றாண்டுப் பழசு. பிரான்ஸின் காஸ்பார் த ப்ரோனி 1821-ல் சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து அளக்கும் பிரேக்கை உருவாக்கினார். இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் 1877-ல் கப்பல் எஞ்சின்களுக்காகத் தண்ணீரின் எதிர்ப்பைப் பயன்படுத்தினார். நம் ஊரில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்த பலருக்கும் தெர்மல் லேபில் டீசல் எஞ்சினின் பிரேக் டிரம்மில் கயிறு சுற்றி, எடை மாட்டி, தராசைப் பார்த்த நினைவு இருக்கும். அதுவும் டைனோதான். எஞ்சினைத் தனியாக மேடையில் பூட்டி அளக்கும் வகை அது. பைக்கை அப்படியே ஏற்றி, பின்சக்கரத்தால் ஓர் உருளையைச் சுற்றவைக்கும் வகை வேறு. பழைய வண்டிக்காரர் தேடவேண்டியது இந்தச் சக்கர டைனோவைத்தான்.

அதிலும் இரண்டு வகை. ஒன்றில் கனமான இரும்பு உருளை மட்டும் இருக்கும். அதன் எடையும் அளவும் தெரியும் என்பதால், அது எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறது என்பதை வைத்துச் சக்தியைக் கணக்கிட்டுவிடலாம். த்ராட்டிலை முழுதாகத் திறந்து, கீழ்ச் சுற்றிலிருந்து மேல் சுற்று வரை ஒரே இழுப்பு. சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். இன்னொன்றில் உருளையோடு காந்தப் பிரேக்கும் உண்டு. எஞ்சினை 4,000 சுற்றில், கால் த்ராட்டிலில், வேண்டிய நேரம் அப்படியே பிடித்து வைக்க அதனால் முடியும்.

கார்பரேட்டர் வண்டிக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். கார்பரேட்டரில் பைலட் ஜெட் ஏறத்தாழ கால் த்ராட்டில் வரை ஆட்சி செய்கிறது. கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். முழு இழுப்பு ஓட்டம் மெயின் ஜெட்டைப் பற்றி மட்டுமே சொல்லும். சாலையில் நாம் பெரும்பாலும் ஓட்டுவதோ கால், அரை த்ராட்டிலில். உச்ச எண் அழகாக இருந்தும் டவுனுக்குள் வண்டி திணறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ட்யூனிங்தான் நோக்கம் என்றால் பிரேக் வைத்த டைனோ உள்ள கடையைத் தேடுவது நல்லது. செய்த வேலைக்குப் பலன் இருந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் உருளை மட்டும் உள்ளதே போதும்.

எங்கே தேடுவது? சென்னை ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனப் பரிசோதனை மையமான ஜிஏஆர்சியில் உயர்தர சக்கர டைனோக்கள் இருக்கின்றன. புதிய வாகனங்கள் புகை விதிகளுக்கு உட்பட்டவையா என்று சான்றளிக்கும் ஆய்வகம் அது. தனியொருவர் தன் பழைய யெஸ்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிற்கும் இடமல்ல. ஆர்டிஓ அலுவலகத்திலும் எஃப்சி மையத்திலும் இந்த வகைச் சக்திச் சோதனை கிடையாது. மிச்சம் இருப்பது தனியார் ட்யூனிங் கடைகளும் ரேஸ் குழுக்களின் ஒர்க்‌ஷாப்களும்தான்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு கொடுத்து வைத்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. சோழவரம் விமானத் தளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திய அந்த கிளப், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடத்தில் நடத்துகிறது. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயம் நடக்கும் வார இறுதியில் இந்த இரண்டு தடங்களின் பிட் பகுதிக்குப் போய் நாலு மெக்கானிக்குகளிடம் பேசினால், யாரிடம் டைனோ இருக்கிறது, யார் அதை ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள், யாருக்குக் கார்பரேட்டர் கைவந்த கலை என்ற மூன்றும் தெரிந்துவிடும். எந்த விளம்பரப் பலகையையும் விட அந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

கடையைப் பிடித்ததும் வண்டியை உடனே ஏற்றிவிடக் கூடாது. முதலில் கேட்கவேண்டியது, எஞ்சின் சுற்றை எப்படி எடுக்கிறீர்கள் என்பது. புதிய பைக்கில் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துவிடலாம். பழைய வண்டியில் பிளக் ஒயரில் கிளிப் மாட்டி, பொறி அடிப்பதை எண்ணவேண்டும். டூ-ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ் 100 ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி அடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய புல்லட் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அடிக்கும். சாஃப்ட்வேரில் இதை மாற்றாமல் விட்டால், 4,000 சுற்றில் ஓடும் புல்லட்டை டைனோ 2,000 என்று பதிவுசெய்யும். உருளையில் அளந்த குதிரைத்திறன் எண் தப்பித்துக்கொள்ளும். முறுக்குவிசைக் கோடு மட்டும் இரண்டு மடங்காக எகிறி நிற்கும். இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் பழைய வண்டிகளைக் கையாண்டவர் என்று நம்பலாம்.

அடுத்தது காற்று. உருளையில் ஓடும் வண்டி நகர்வதில்லை, அதனால் எதிர்க்காற்றும் இல்லை. காற்றில் குளிரும் எஞ்சினுக்கு முன்னால் சுவர் விசிறி வைப்பது போதாது. கைக்கு வேகம் தெரியும்படி வீசும் ஊதுவிசிறி வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் இது உயிர்நாடியான விஷயம். முழு த்ராட்டிலில் அடுத்தடுத்து நாலைந்து இழுப்பு, இடையில் ஓய்வில்லை, கலவையும் சற்று மெலிந்திருக்கிறது என்றால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கச் சம்மதிக்காத கடை பழைய வண்டிக்கு ஏற்ற கடையல்ல. கட்டணம் ஓட்டத்துக்கா, நேரத்துக்கா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.

மூன்றாவது, திருத்தக் கணக்கு. காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் மூன்றும் எஞ்சினின் சக்தியை மாற்றும். சென்னையில் 38 டிகிரி வெயிலிலும் கடற்கரைப் புழுக்கத்திலும் எடுத்த எண்ணையும், 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் மார்கழிக் காலையில் எடுத்த எண்ணையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஊட்டிக்குக் கொண்டுபோனால் மெல்லிய காற்றில் அதே வண்டி ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்து நிற்கும். இதைச் சமன்செய்யத்தான் எஸ்ஏஇ ஜே1349 போன்ற தரங்கள் இருக்கின்றன. 25 டிகிரி வெப்பம், 99 கிலோபாஸ்கல் உலர்காற்று என்ற நிலைக்கு எண்ணை மாற்றித் தருவது அது. ‘எஸ்டிடி’ என்று திரையில் தெரியும் பழைய தரம் இதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். வேலைக்கு முன் ஒன்றிலும் பின் மற்றொன்றிலும் தாள் எடுத்தால், ஸ்பேனரைத் தொடாமலே குதிரை கூடியதாகத் தெரியும். இரண்டு தாளிலும் ஒரே தரம் இருக்கிறதா என்று உரிமையாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டியை இன்று டைனோவில் ஏற்ற இன்னொரு வலுவான காரணம் பெட்ரோல். பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், எண்பதுகளின் பெட்ரோலுக்காக அமைத்த ஜெட்டில் கலவை மெலிந்துபோகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் புல்லட்டில் சைலன்சருக்குள் ஆக்சிஜன் சென்சார் வைத்து இதைத் துல்லியமாகப் பார்த்துவிடலாம். டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத கலவையும் ஆயிலும் புகையோடு வருவதால் சென்சார் சொல்வதை முழுதாக நம்ப முடியாது. அங்கே முழு இழுப்பின் நடுவில் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கும் பழைய முறைதான் கைகொடுக்கும். அதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்கும் டைனோவும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், 50 கிலோமீட்டர் பயணம் செய்து போனாலும் தகும்.

வண்டியையும் தயார்செய்தாக வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் தயாரித்த வாரமும் ஆண்டும் இருக்கும். பத்து வயதைத் தாண்டிய டயரோடு உருளையில் ஏறுவது ஆபத்து. செயின் தளர்வு, ஸ்போக் இறுக்கம், டயர் காற்று, ஆயில் பம்ப் எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். புதிதாக போர் போட்ட எஞ்சின் என்றால் ரன்னிங்-இன் முடியும்வரை டைனோ பக்கமே போகக் கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை மெலியும், அதனால் அதை முன்பே சோதித்துவிடுவது பாதுகாப்பு.

தாள் கைக்கு வந்ததும் பலரும் பார்ப்பது உச்ச எண்ணை மட்டும். கோட்டின் வடிவத்தில்தான் சேதி இருக்கிறது. எஞ்சின் சுற்று ஏறுகிறது, உருளையின் வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. மேல் சுற்றில் கோடு திடீரென்று சரிந்தால் கார்பரேட்டர் கிண்ணத்துக்குப் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லையோ என்று பார்க்கவேண்டும். பாயின்ட் வைத்த வண்டியில் கோடு ரம்பப் பல்போல் நடுங்கினால் இக்னிஷனில் கோளாறு. இவற்றில் பலவும் சில நூறு ரூபாயில் சரியாகக்கூடிய பழுதுகள். இவற்றைச் சரிசெய்யாமல் போர்ட்டிங்குக்கும் சைலன்சருக்கும் செலவழிப்பது வீண். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும், கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இங்கே மறந்துவிடக் கூடாது. வண்டியை அளப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

எனவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சினில் கை வைக்கும் முன்பே ஒருமுறை டைனோவில் ஏற்றுங்கள். வேலை முடிந்த பிறகு அதே கடை, அதே டைனோ, அதே கியர், அதே டயர் காற்று என்று இன்னொரு முறை ஏற்றுங்கள். தேதி, வெப்பநிலை, திருத்தத் தரம், கியர் ஆகியவற்றைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.